பத்து விட்டு

சிப்பிக்காரத் தெருவின் நட்டநடுவே, தாருக்குள் அடித்திருந்த பித்தளை ஆணிக்குப் பக்கத்தில் சந்தியாகு வாஸ் குத்தவைத்து உட்கார்ந்தபோது மணி பத்தேகால். பழைய கட்டடங்களைப் பட்டியல் போடும் குழுவிலிருந்து ஓர் அம்மா வரவேண்டும், அவர் முன்னிலையில்தான் மறு அளவு எடுக்க வேண்டும், அதுவரைக்கும் யாரும் ஆணியை விட்டு நகர வேண்டாம் என்று இன்ஜினியர் கோகிலவாணி சொல்லியிருந்தாள். யாரும் என்றால் சந்தியாகுதான்; மற்ற எல்லோரும் நிழல் பார்த்து ஒதுங்கிவிட்டார்கள். தெருவின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி நட்டாயிற்று, ஆனாலும் பைக் ஓட்டுகிறவர்கள் எப்படியோ சந்து கண்டுபிடித்து வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருவன் போகிற போக்கில், என்ன பெரியவரே நடு ரோட்டுல தவம் இருக்கீரு என்று கேட்டுவிட்டுப் போனான். கையில் புது ஸ்டீல் டேப். முனையில் ஒரு குறையும் சொல்ல முடியாத புது வளையம், அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் வந்தது. வலது பக்கம் இருபத்தேழாம் எண், எமில்டா மிஸ் வீடு. இடது பக்கம் தங்கப்பாண்டி அண்ணாச்சியின் கயிற்றுக் கடை. ஆணியிலிருந்து இரண்டு பக்கமும் நாலு மீட்டர் ஐம்பது சென்டி, அதுதான் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கட்டடம் பிழைத்தது. கோட்டுக்குள் மூக்கை நீட்டுகிற கட்டடத்தை நீட்டிய அளவுக்கு வெட்டுவார்கள். நடைபாதை வரவேண்டும், மூடிய சாக்கடை வரவேண்டும், ஊரின் நடுப்பகுதியை அழகுபடுத்துகிறார்கள். எமில்டா மிஸ் வீட்டுக்கு வரைபடத்தில் நாலு ஐம்பத்திமூன்று என்று எழுதியிருக்கிறது. நிஜத்தில் நாலு நாற்பத்திமூன்று. ஏழு சென்டி கோட்டுக்குள் நிற்கிற வீடு அது. இந்தச் சங்கதி இந்தத் தெருவில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும், அந்த ஆள் ஆணிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார்.

பத்து விட்டுப் பிடிப்பது ஒன்றும் திருட்டுத்தனம் இல்லை, டேப் பிடிக்கிறவன் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்று அவர் தனக்குத்தானே மறுபடி சொல்லிக்கொண்டார், காலையிலிருந்து இது எட்டாவது தடவை இருக்கும். வளையம் அறுந்துபோகும், முனை நைந்துபோகும். அப்போது முனையை விட்டுவிட்டுப் பத்தாவது சென்டிக் கோட்டை ஆணியில் வைத்து அழுத்திப் பிடித்தால், அந்தப் பக்கம் படிக்கிறவர் வருகிற அளவில் பத்தைக் கழித்துக்கொள்வார். கழிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் பிடிக்கிறவன் பத்து விட்டு என்று சத்தம் கொடுப்பான். ஆனால் சந்தியாகு சத்தம் கொடுத்துப் பழகாதவர். இருபத்திரண்டு வருஷம் வேலாயுதம் சாரோடு ஓட்டியாயிற்று, சார் வாயில் எப்போதும் வெற்றிலை, கத்தவும் மாட்டார், கத்தினால் பிடிக்கவும் பிடிக்காது. ரோட்டில் நின்றுகொண்டு என்னவே ஏலம் போடுதீரு என்பார். அதனால் இவர்களுக்குள் ஒரு ஏற்பாடு, இடது முழங்கையைத் தூக்கிக் காட்டினால் பத்து விட்டிருக்கிறது என்று பொருள். சார் ஒரு தலையாட்டு ஆட்டுவார், கழித்து எழுதுவார், ஒரு வார்த்தை கிடையாது. எந்த இரைச்சலிலும், லாரி உறுமுகிற இடத்திலும் அது பிசகினதில்லை. சார் ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு மகள் வீட்டோடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. முழங்கை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இந்தத் தெருவை முதல் தடவை அளந்த அன்றைக்குக் காலையில் அண்ணாச்சி கடை வரிசையை முடித்துவிட்டார்கள், அதெல்லாம் வளையத்தோடு பிடித்தது, சரியான அளவு. பன்னிரண்டரை மணிக்கு எதிர் வரிசையில் இருபத்தேழுக்கு வரும்போது ஒரு மினி லாரி டேப்பின்மேல் ஏறி வளையத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. சந்தியாகு பத்து விட்டுப் பிடித்தார், முழங்கையைத் தூக்கினார், கோகிலவாணி தலையை ஆட்டினாள். ஆட்டத்தான் செய்தாள். அதை அவர் கண்ணால் பார்த்தார். கோயில் பீடத்தின் முன்னால் நிறுத்திக் கேட்டாலும் ஆட்டினாள் என்றுதான் சொல்லுவார். நாலு நாள் கழித்து ஆபீஸில் டீ குடிக்கும்போது அந்தப் பிள்ளை, கரூர்க்காரப் பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை, அவரைப் பார்த்துக் கேட்டாள்: “தோள்பட்டை வலிங்களாண்ணா? எங்கப்பாவும் இப்படித்தானுங்க, கையத் தூக்கித் தூக்கி எறக்குவாரு.”

வலிதான் மேடம் என்று சொன்னார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், நோட்டை எடுத்துப் பத்தைக் கழித்திருப்பாள், வேலை முடிந்திருக்கும். அப்போது அது வெறும் தப்பு. தப்பு யாரும் செய்வது. சொல்லாமல் விட்ட அடுத்த நிமிஷத்திலிருந்து அது வேறு என்னமோ ஆகிவிட்டது, அதற்கு என்ன பேர் என்று யோசிக்கப் போனால் மனசு வேலி கண்ட ஆடு மாதிரி திரும்பிக்கொள்கிறது. சரி, இந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, இதற்கு முன்னால் இருந்த இரண்டு பேருக்கு? வேலாயுதம் சார் போன பிறகு ஒருத்தர் ஒன்பது மாசம் இருந்தார், இன்னொருத்தர் ஒரு மழைக்காலம் இருந்தார், அவர்களுக்கெல்லாம் முழங்கையைத் தூக்கினாரே, அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவர்களும் தலையாட்டினார்கள். நல்லாத் தலையாட்டினார்கள். உப்பள ரோட்டுச் சுற்றுச்சுவர். சந்தைக்குப் பின்னால் படிக்கட்டு, அதில் கடைசிப் படி மட்டும் ஒரு மாதிரி உயரமாக இருக்கிறது என்று ஜனங்கள் சொல்லிக்கொள்வதை அவரே கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டுக் கொத்தனாரைத் திட்டியிருக்கிறார். பாவம் அந்தக் கொத்தனார். எத்தனை தடவை வளையம் போயிருக்கும், மூன்றா, நாலா, மழைக்காலத்தில் ஒன்று நிச்சயம். ஊருக்குள்ளே பத்துப் பத்து சென்டியாக எங்கெங்கே நிற்கிறதோ. சந்தியாகு பிடிச்சா சரியா இருக்கும் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு, அதைத் தவிர அவருக்கு அங்கே வேறு பெருமை கிடையாது, நாற்காலிகூடக் கிடையாது. மனைவி ரெஜினாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள், ஏற்றினால் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள், அவளுக்குப் பொய் சொல்ல வராது. தார் சூடு செருப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அவர் காலை மாற்றி ஊன்றினார். முழங்கால் சடக்கென்றது.

எமில்டா மிஸ் வாசல் கதவைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு உள்ளே போனார். எழுபத்திநாலு வயசு, இன்னும் நிமிர்ந்த நடை. முன் அறையில்தான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார், சந்தியாகுவின் மூத்த மகளே அங்கே லோயர் பாஸ் பண்ணியவள். இப்போது மூன்று மெஷின்கள் உறை போட்டு நிற்கின்றன, பரீட்சை நேரத்தில் இரண்டு பிள்ளைகள் வரும். வீட்டைக் கட்டியவர் அவருடைய பூட்டனார், சங்கு ஏற்றுமதி செய்தவர். முகப்பு முழுக்கக் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்பும், இரண்டடி கனம், ஜன்னலுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. ஏழு சென்டிதானே, மேலாகச் செதுக்கிவிட முடியாதா என்று போன மாசம் சும்மா கேட்கிற மாதிரி கோகிலவாணியைக் கேட்டுப் பார்த்தார். அவள், இந்த மாதிரிக் கல்லுக் கட்டடத்துலயாண்ணா, அதெல்லாம் ஆகாதுங்க, ஒரு கல்லை உருவுனா மொத்தமும் வந்துரும், முகப்பையே எடுத்தாகணும் என்றாள். முகப்பு போனால் பட்டியலிலிருந்தும் போய்விடும், முகப்புக்காகத்தான் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. பட்டியலில் இருக்கிற வீடு என்றால் கோடு வளைந்து கொடுக்காதா என்று மிஸ்ஸே முதல் கூட்டத்தில் எழுந்து கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி, அம்மா, ஆக்கிரமிப்புக்கு வயசு கிடையாது என்றார். நல்லாத்தான் சொன்னார், கைகூடத் தட்டினார்கள். வெட்டி எடுத்த இடத்தில் பழைய காலத்து மாடலில் இரும்பு விளக்குக் கம்பம் வரப்போகிறதாம், படம் போட்டுக் காட்டினார்கள், வெள்ளைக்காரன் காலத்து லாந்தர் மாதிரி. பழையதை இடித்துவிட்டுப் பழைய மாதிரி ஒன்றை நடுகிறார்கள், இதைச் செய்வதற்கு ஒரு திட்டம், அந்தத் திட்டத்துக்கு டேப் பிடிப்பதற்கு ஒரு சந்தியாகு. நாலு ஐம்பத்திமூன்று என்று கடிதம் வந்த அன்றைக்கு மிஸ் முகப்புக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டார். ஆபீஸுக்கே ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தனுப்பினார். சந்தியாகு இரண்டு தின்றார். தெரிந்தேதான் தின்றார், தோள்பட்டைப் பேச்சு அதற்கு ஒரு வாரம் முந்தியது. ஒன்றை எடுத்ததும் போதும் என்று வைத்திருக்கலாம், இன்னொன்றையும் எடுத்தார், ஏனென்றால் நன்றாக இருந்தது. இதை நினைக்கும்போதுதான் அவருக்கு அதிகமாக வெட்கமாக இருந்தது.

எதிர்ப் பக்கம் அண்ணாச்சி கடைப் படியில் உட்கார்ந்து தேங்காய்நார்க் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்கிற பார்வை. அவருடைய கடைக்கு நாலு நாற்பத்திநாலு, ஆறு சென்டி உள்ளே. சத்தம் போடாமல் ஷட்டர் பெட்டியைக் கழற்றி, தூணை உடைத்து, பின்னால் தள்ளிக் கட்டிக்கொண்டார். இரண்டு மாசம் கடை தூசியில் கிடந்தது. அதற்கப்புறம் ஒரு நாள், கயிற்றுக்காரர் அல்லவா, ஆணியிலிருந்து தன் பழைய தூண் அடிக்கு ஒரு கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டார், அதே கயிற்றை ஆணியிலிருந்து மிஸ் வீட்டுச் சுவருக்குப் பிடித்தார். முடிச்சுக்கு ஒரு விரல்கூட வித்தியாசம் வரவில்லை. டேப்பு படித்த பிள்ளைகளுக்கு, கயிறு நமக்கு என்று சொல்லிக்கொண்டே மனு எழுதினார். டீக்கடையில் சந்தியாகுவைப் பார்த்தபோது அவர் குரலை உயர்த்தவில்லை. “மிஸ் வீடு விழணும்னு எனக்கு வேண்டுதலா? அளவு எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கணும்லா. அதத்தான் கேக்கேன்.” சந்தியாகு ஆமா என்றார். வேறு என்ன சொல்வது, மனுஷன் சொன்னது அத்தனையும் நியாயம். அவர் ஒரு கெட்டவராக இருந்திருக்கலாம், வட்டிக்காரராகவோ குடிகாரராகவோ. அப்படி இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். இருபத்தேழைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கும்போது மனசு இருபத்தெட்டு வரைக்கும் போகும், அங்கே நின்றுவிடும். வளையம் போன பிறகு அன்று சாயங்காலம் வரைக்கும் பத்து விட்டுத்தானே பிடித்தார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. நாலும் சின்ன வீடுகள், பட்டியலில் வராதவை, கூரைமேல் தகரம் போட்டவை. ஒன்றில் மீன்வலை பின்னுகிறார்கள், ஒன்றில் இட்லிக் கடை, ஒரு வீட்டின் முன் சுவரை எடுத்தால் உள்ளே மிச்சம் ஒரு அறைதான் இருக்கும். நிஜ அளவு நாலு நாற்பத்தைந்து, நாலு நாற்பத்தெட்டு, நாலு நாற்பத்திரண்டு, நாலு ஐம்பது. பத்தைக் கழித்த கணக்கு மனப்பாடமாக இருக்கிறது, ஐம்பது மட்டும் பிழைக்கும். மறு அளவு மனுவில் இருபத்தேழு மட்டும்தான் இருக்கிறது. அப்படியென்றால் இன்றைக்கு இருபத்தேழு மட்டும்தான். அப்படியா. இருபத்தேழு தப்பு என்று வந்தால் அடுத்த வீட்டை விடுவாளா அந்தப் பிள்ளை. விடமாட்டாள். நல்ல பிள்ளை.

குழு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கியபோது பத்தேமுக்கால். குடை பிடித்தபடி முகப்பைத் தலை உயர்த்திப் பார்த்தார், வண்ணக் கண்ணாடியைப் பார்த்து முகம் மலர்ந்தார், சுவரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை மோந்துகூடப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருக்கும், ஒரு சடங்குக்காகப் பார்த்துவிடலாம் என்று மிஸ்ஸிடம் சொன்னது ஆணி வரைக்கும் கேட்டது. கோகிலவாணி டேப்பை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். அண்ணாச்சி கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைத் தாண்டிப் போய் அவளுக்குப் பின்னால் நின்றார். இட்லிக் கடைக்காரர் வந்தார், வலை பின்னுகிற வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், எல்லோரும் சுவர் ஓரத்தில், எல்லோர் கண்ணும் அவள் விரல் வைத்திருக்கிற இடத்தில். எண் தெரிகிற பக்கத்தைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். முப்பத்தொரு வருஷத்தில் சைபர் முனையைப் பிடிக்கிறவன் கையை ஒருத்தர் குனிந்து பார்த்ததில்லை. வளையத்தை ஆணிக்குப் பக்கத்தில் மடக்கி, கட்டை விரலைப் பத்தின்மேல் வைத்தால் போதும். மிச்சப் பத்து சென்டி உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். நாலு ஐம்பத்திமூன்று வரும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், அண்ணாச்சி தன் கயிறுதான் இழுபட்டு நீண்டுவிட்டது என்று நம்பிக்கொள்வார், கொஞ்ச நாளில் மறந்தும் போவார், வெள்ளையடித்த முகப்பு இன்னும் ஒரு நூறு வருஷம் நிற்கும். மிஸ் வீட்டோடு நாலு வீடு. ஒரு கட்டை விரல். அவர் விரலைப் பத்தின்மேல் வைத்தார். இரும்பு சுட்டது. அப்படி வைத்தது அவர்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது, ஆனால் விரல் அங்கேதான் இருந்தது, பத்தின்மேல், நகம் வெளுக்க அழுத்திக்கொண்டு. “புடிச்சிட்டீங்களாண்ணா?” என்று கோகிலவாணி கேட்டாள். பிடிச்சாச்சு என்று சொல்ல வாய் திறந்தார். அப்போது இடது முழங்கை தூக்கிக்கொண்டு நின்றது. அவர் தூக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக் கை அது, பத்து விட்டால் சொல்லவேண்டும் என்று மட்டுமே அதற்குத் தெரியும், வீடு தெரியாது, மக்ரூன் தெரியாது. நடுத்தெருவில், பட்டப்பகலில், தன் முழங்கை தோளுயரத்துக்கு எழும்பி நிற்பதை அவர் திரும்பிப் பார்த்தார். சுவர்ப் பக்கம் யாரும் கவனிக்கவில்லை. கோகிலவாணி மட்டும் பார்த்தாள், வலி என்று நினைத்துக்கொண்டு, மெதுவாப் புடிங்கண்ணா, அவசரம் இல்லீங்க என்றாள்.

அந்த மெதுவாவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வயசான ஆளுக்குக் கை வலி என்று ஒரு பிள்ளை இரக்கப்படுகிறது, அந்த இரக்கத்தின் மறைவில் உட்கார்ந்து அதன் கண்ணிலேயே மண்ணைத் தூவுவதா. பயமாகத்தான் இருந்தது. மிஸ் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது, ஆபீஸில் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்று பயமாக இருந்தது, சந்தைப் படிக்கட்டை நினைத்துப் பயமாக இருந்தது. ஆனாலும் அவர் கையை இறக்கினார், விரலை எடுத்தார், வளையத்தை ஆணித் தலையில் மாட்டி இழுத்தார். சைபர் மேடம் என்று குரல் கொடுத்தார். தெருவில் அப்படிச் சத்தமாகக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை, குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. கோகிலவாணி குனிந்தாள். நிமிரவில்லை. டேப்பைத் தளர்த்தி மறுபடி இழுக்கச் சொன்னாள், அவர் இழுத்துப் பிடித்தார். மூன்றாவது தடவையும் பார்த்தாள். நாலு நாற்பத்திமூன்று என்று அவள் சொன்னது மெதுவாகத்தான், ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது. குழு அம்மா குடையை மடக்கினார். அண்ணாச்சி தன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜெயித்த முகமாக அது இல்லை.

எமில்டா மிஸ் வாசலிலிருந்து இறங்கி, இன்ஜினியரைத் தாண்டி, குழு அம்மாவைத் தாண்டி, நேராக ரோட்டுக்கு வந்தார். ஒரு பைக் அவருக்காக நின்றது. சந்தியாகு எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

“சந்தியாகு, சரியாப் பிடிச்சியாப்பா?”

நம்பிக்கையோடுதான் கேட்டார். இல்லை என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் இன்னொரு தடவை அளக்கச் சொல்லிவிடலாம் என்கிற மாதிரி, பாடம் மறந்த பிள்ளைக்கு அடி எடுத்துக் கொடுக்கிற மாதிரி குனிந்து நின்றார்.

“இன்னைக்குத்தான் மிஸ் சரியாப் பிடிச்சேன்” என்றார் சந்தியாகு.

மிஸ்ஸுக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. சேர்ந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி அங்கேயே நின்றார். கோகிலவாணி நோட்டில் பழைய பக்கங்களைத் திருப்பத் தொடங்கியிருந்தாள். சந்தியாகு ஒரு கையைத் தாரில் ஊன்றி எழுந்தார், டேப்பைச் சுருட்டிக்கொண்டார், யாரும் சொல்வதற்கு முன்னாலேயே நாலெட்டு நடந்து இருபத்தெட்டாம் எண்ணுக்கு நேராக அடித்திருந்த அடுத்த ஆணிக்குப் போய்க் குந்தினார். அந்த வீட்டு வாசலில் மிஸ் வீட்டை வேடிக்கை பார்க்க வந்து நின்ற பெண், டேப் வருவதைப் பார்த்ததும், வழியில் கிடந்த வலைக்கட்டை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.